தாவர வேதிப்பொருள்களிலிருந்து விமான எரிபொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரும்புச் சக்கை, வைக்கோல், மரப்பிசின், பொரித்த எண்ணெய் ஆகியவற்றிலிருந்து விமானத்துக்கு எரிபொருள் தயாரிப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. செய்தியில் விமானம் பறந்ததைச் சொல்வார்கள். சக்கை எப்படி எரிபொருள் ஆனது என்பதைச் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

விமானத்தில் ஊற்றும் எரிபொருள் என்பது உண்மையில் என்ன?

ஒரு காலத்தில் ரேஷன் கடையில் வாங்கிய மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு அது. ஜெட் ஏ-1 என்பது அதன் தரப்பெயர். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை. பெரும்பாலானவற்றில் 8 முதல் 16 வரை கார்பன் அணுக்கள் இருக்கும். இதைவிடச் சிறியவை எளிதில் ஆவியாகித் தீப்பற்றும்; பெரியவை மேலே போனால் உறைந்துவிடும்.

மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது, 38 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் ஆவி எழக் கூடாது, ஒரு கிலோ எரிந்தால் 42.8 மெகாஜூல் வெப்பமாவது கிடைக்க வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. எதிலிருந்து தயாரித்தாலும் இந்த வாசல்களைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

செடியிலும் கார்பன் இருக்கிறது, ஹைட்ரஜன் இருக்கிறது. அப்புறம் என்ன சிக்கல்?

ஆக்சிஜன்தான் சிக்கல். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

குளுக்கோஸை எடுத்துக்கொண்டால் அதன் எடையில் பாதிக்கு மேல் ஆக்சிஜன். மரம், வைக்கோல், சக்கை எல்லாமே பெரும்பாலும் சர்க்கரைகள் கோத்த சங்கிலிகள்தாம். ஆக அவற்றுக்கும் ஏறக்குறைய அதே கதி. எரிதல் என்பதே ஆக்சிஜனோடு சேர்வது. ஏற்கெனவே ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் மூலக்கூறு பாதி எரிந்து முடித்தது போன்றது. மிச்சமிருக்கும் வெப்பம் குறைவு, எடை மட்டும் கூடுதல். தரையில் ஓடும் வண்டி இதைப் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கிலோவையும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டிய விமானத்துக்குக் கட்டுப்படியாகாது.

ஆகவே தாவரத்திலிருந்து விமான எரிபொருள் என்றால் வேலை இரண்டு: ஆக்சிஜனை வெளியேற்றுவது, கார்பன் சங்கிலியைச் சரியான நீளத்துக்குக் கொண்டுவருவது. ஆக்சிஜனை நீராக வெளியேற்றலாம். அதற்கு ஹைட்ரஜன் தேவைப்படும். கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றலாம். அப்போது செடி உழைத்துச் சேர்த்த கார்பனை இழக்கிறோம். எந்த ஆய்வகத்தின் எந்த முறையைப் பார்த்தாலும், இந்த இரண்டு விலைகளில் எதை எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பெட்ரோலில் எத்தனால் கலக்கிறோமே, விமானத்தில் ஏன் அப்படியே ஊற்றக் கூடாது?

ஒரு கிலோ எத்தனால் தருவது சுமார் 27 மெகாஜூல். விமான எரிபொருள் தருவது சுமார் 43. அதே தூரம் போக ஒன்றரை மடங்குக்கு மேல் எடை ஏற்ற வேண்டும். எத்தனால் எளிதில் தீப்பற்றும், தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரேசிலில் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் எம்ப்ரேயர் இபனேமா என்ற சிறு விமானம் 2004-இல் சான்றிதழ் பெற்று எத்தனாலிலேயே பறக்கிறது. அது பிஸ்டன் எஞ்சின். வயலுக்கு மேலே தாழப் பறந்துவிட்டுத் திரும்புவது. கண்டம் தாண்டும் ஜெட்டுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் எத்தனாலை ஜெட் எரிபொருளாக மாற்றுவது எப்படி?

எத்தனாலைச் சூடாக்கி அலுமினா வினையூக்கியின் மீது செலுத்தினால் நீர் பிரிந்து எத்திலீன் வாயு கிடைக்கும். இரண்டு கார்பன் கொண்ட எத்திலீனை ஒன்றோடொன்று கோத்து நீளச் சங்கிலியாக்கி, ஹைட்ரஜன் ஏற்றி, காய்ச்சி வடித்தால் 8 முதல் 16 கார்பன் வரையிலான பகுதி தனியே வரும். ஒவ்வொரு படியும் பெட்ரோ வேதித் தொழிலில் பழகியதுதான். இந்த வழிக்கு ஐசோபியூட்டனால் என்ற ஆல்கஹாலைக் கொண்டு 2016-இலும், எத்தனாலைக் கொண்டு 2018-இலும் அமெரிக்கத் தர அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சோபர்டன் என்ற ஊரில், எத்தனாலிலிருந்து ஜெட் எரிபொருள் தயாரிக்கும் லான்சாஜெட் ஆலையை 2024 ஜனவரியில் திறந்தார்கள்.

எடைக் கணக்கைப் பாருங்கள். 180 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் அதிகபட்சம் 92 கிராம் எத்தனால். மீதி 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். அந்த 92 கிராம் எத்தனாலிலிருந்து நீரை நீக்கினால் எஞ்சுவது 56 கிராம் எத்திலீன். அதாவது ஒரு துளிகூடச் சிந்தாத கற்பனை ஆலையிலும் ஒரு கிலோ எரிபொருளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் சர்க்கரை வேண்டும். உண்மையான ஆலையில் இன்னும் அதிகம். இந்த வழியின் குறை தொழில்நுட்பத்தில் இல்லை, இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

நொதிக்க வைக்காமல், சக்கையிலிருந்தே வேறு வழி உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். வேதியியல் அழகாக இருக்கிறது.

சக்கையில் செல்லுலோஸ் மட்டுமல்ல, ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு பகுதியும் உண்டு. அதில் ஐந்து கார்பன் கொண்ட சைலோஸ் சர்க்கரை கோத்திருக்கும். சாதாரண ஈஸ்ட் இதைத் தொடாது. ஆனால் சக்கையை நீர்த்த கந்தக அமிலத்தோடு சேர்த்து உயர் அழுத்த நீராவியில் வேக வைத்தால் சைலோஸ் மூன்று நீர் மூலக்கூறுகளை உதறிவிட்டு ஃபர்ஃப்யூரல் என்ற திரவமாகிறது. பாதாம் வாசனை வீசும். வடித்த உடனே நிறமற்று இருக்கும். காற்றுப் பட்டுச் சில நாள் போனால் பாட்டிலுக்குள்ளேயே பழுப்பேறிக் கருத்துவிடும். இது புதிய பொருளும் அல்ல. 1922-இலேயே அமெரிக்காவின் குவாக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஓட்ஸ் உமியிலிருந்து இதைத் தொழில்முறையில் தயாரிக்கத் தொடங்கியது. இன்று பெரும்பகுதி சீனாவில், சோளத் தக்கையிலிருந்து வருகிறது. வார்ப்பாலைகளில் மணல் அச்சை இறுக்கும் ஃபியூரான் பிசினுக்கு மூலம் இதுதான்.

ஃபர்ஃப்யூரலில் ஐந்து கார்பன்தான், எரிபொருளுக்குப் போதாது. இங்கே அசிட்டோன் உதவிக்கு வருகிறது. அதில் மூன்று கார்பன். ஒரு அசிட்டோனின் இரு பக்கமும் ஆளுக்கொரு ஃபர்ஃப்யூரலை ஒட்டினால் ஐந்து, மூன்று, ஐந்து: மொத்தம் 13. விமான எரிபொருளின் வரம்புக்குள் கச்சிதமாக விழுகிறது. பிறகு வினையூக்கியின் மீது ஹைட்ரஜன் செலுத்தி எஞ்சிய ஆக்சிஜனை நீராக வெளியேற்றினால் 13 கார்பன் கொண்ட டிரைடெக்கேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூமெசிக்கின் குழு 2005-இல் இந்த வழியைக் காட்டியது. அன்றுமுதல் பல நாட்டு ஆய்வகங்கள் ஃபர்ஃப்யூரலோடு வெவ்வேறு துணைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இத்தோடு வேலை முடிந்ததா என்றால், இல்லை. நேர்ச் சங்கிலியான டிரைடெக்கேன் மைனஸ் 5 டிகிரியிலேயே உறைந்துவிடும். நமக்கு வேண்டியதோ மைனஸ் 47. சங்கிலியில் கிளை விடச் செய்து, உறையாமல் காக்க இன்னொரு படி வேண்டும்.

எல்லாம் இவ்வளவு நேர்த்தி என்றால் ஏன் இன்னும் ஆலை வரவில்லை?

ஹைட்ரஜன் கணக்கைப் போட்டால் தெரிந்துவிடும். மேலே சொன்ன 13 கார்பன் மூலக்கூறு ஒன்றுக்கு 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். எடையில் சொன்னால் 100 கிலோ டிரைடெக்கேனுக்கு 13 கிலோ ஹைட்ரஜன். இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்து வருகிறது. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 13 கிலோவுக்கு ஏறத்தாழ 117 கிலோ. அந்த 100 கிலோ எரிபொருள் எரியும்போது வெளிவருவதே சுமார் 310 கிலோதான். பசுமை எரிபொருள் என்று பெயர் வைத்துவிட்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகையைப் பின்வாசல் வழியே விடுகிறோம். சூரிய, காற்று மின்சாரத்தில் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தால்தான் இந்த வழிக்குப் பொருள் உண்டு.

இன்னொரு தொல்லை, ஆலைக்காரர்கள் நன்கு அறிந்தது: அமிலத்தில் வேகும் சர்க்கரையும் ஃபர்ஃப்யூரலும் தமக்குள் ஒட்டிக்கொண்டு கரிய தார் போன்ற கழிவாகிவிடும். அது கலனின் சுவரில் படியும், வினையூக்கியின் துளைகளை அடைக்கும், விளைச்சலையும் விழுங்கும். ஆய்வகக் குடுவையில் இதைக் கழுவிக் கொட்டலாம். ஆண்டு முழுவதும் ஓட வேண்டிய ஆலையில் அது நஷ்டம்.

மரப்பிசின், ஆரஞ்சுத் தோல் என்கிறார்களே?

டெர்ப்பீன்கள் என்ற வகையைச் சொல்கிறார்கள். பைன் மரப்பிசினை வடித்தால் வரும் டர்ப்பன்டைனில் பைனீன், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீன். இரண்டிலும் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒன்றுகூட இல்லை. ஆக்சிஜனை நீக்கும் வேலையைச் செடியே செய்து கொடுத்துவிட்டது. இன்று நாம் கோயிலில் ஏற்றும் கற்பூரத்தில் பெரும்பாலானது இந்தப் பைனீனிலிருந்து ஆலையில் தயாராவதுதான். பைனீனில் வளையங்கள் இருப்பதால் குறைந்த இடத்தில் அதிக ஆற்றலை அடக்கலாம். ஏவுகணை எரிபொருளுக்காக அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் அதுவே. அளவு மட்டும் மிகக் குறைவு. உலகிலுள்ள டர்ப்பன்டைன் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் விமானப் போக்குவரத்துக்குப் போதாது.

அதனால் சிலர் மரத்தை விட்டுவிட்டு நுண்ணுயிரிடம் போனார்கள். அமிரிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மரபணு மாற்றிய ஈஸ்ட்டுக்குப் பிரேசில் கரும்புச் சாற்றை ஊட்டி, 15 கார்பன் கொண்ட ஃபார்னசீனை எடுத்தது. அதற்கு ஹைட்ரஜன் ஏற்றிய ஃபார்னசேனுக்கு 2014-இல் ஒப்புதல் கிடைத்தது; ஆனால் 10 சதவீதம்தான் கலக்கலாம். பலவகை மூலக்கூறுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே மூலக்கூறு, அதுவும் கனமானது என்பதால் அந்தக் கட்டுப்பாடு.

இப்போது உண்மையில் விற்பனைக்கு வருவது எது?

எண்ணெயும் கொழுப்பும். எண்ணெய் மூலக்கூறில் ஆக்சிஜன் குறைவு, சங்கிலி ஏற்கெனவே 16, 18 கார்பன் நீளம். ஹைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை நீக்கி, சற்று வெட்டிக் கிளைவிடச் செய்தால் போதும். இதற்கு 2011-இலேயே ஒப்புதல் வந்துவிட்டது. சிங்கப்பூரில் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகியவற்றைக் கொண்டு இயங்குகிறது.

இந்தியாவில், திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெயை உணவகங்களிலிருந்து வாங்கி எரிபொருளாக்க 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் பஜ்ஜிக் கடை எண்ணெய் இன்னமும் சிறு கடைகளுக்கே கைமாறிப் போகிற ஊரில், சேகரிப்பதுதான் தலையாய வேலை. சுத்திகரிப்பு அதற்குப் பிறகு.

காட்டாமணக்கு என்ன ஆயிற்று?

2000-களில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் எரிபொருளுக்கான எண்ணெய் விதை, தரிசு நிலத்தின் தங்கம் என்று சொல்லி இதை விவசாயிகளை நடச் சொன்னார்கள். தண்ணீரும் உரமும் இல்லாத தரிசில் செடி பிழைத்தது, காய்ப்பு வரவில்லை. பராமரித்தால் காய்க்கும், ஆனால் அதே தண்ணீருக்கு வேறு பயிர் வைத்தால் கூடுதல் வருமானம். விதை நச்சு என்பதால் புண்ணாக்கும் மாட்டுக்கு ஆகாது. பலர் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். எந்த ஆலை வருகிறதென்றாலும் விவசாயியிடம் கொள்முதல் விலையை எழுதிக் கொடுத்துவிட்டுச் செடியைக் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எரிபொருளாக அது வேலை செய்யாமல் இல்லை. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானம் 25 சதவீதம் காட்டாமணக்கு எரிபொருள் கலந்து பறந்தது. விதை சத்தீஸ்கரிலிருந்து வந்தது. எரிபொருளைத் தயாரித்தது டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம். 2019 குடியரசு தின அணிவகுப்பில் விமானப்படையின் ஏ.என்-32 ஒன்று 10 சதவீதக் கலவையோடு பறந்தது. பின்னர் 2023 மே மாதம் புனேயிலிருந்து டெல்லிக்குச் சென்ற ஏர் ஏசியா இந்தியா விமானத்தில் பிராஜ் நிறுவனம் ஆல்கஹால் வழியில் தயாரித்த எரிபொருளைக் கலந்தார்கள். அது 1 சதவீத அளவே.

50 சதவீதத்துக்கு மேல் கலக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

பெட்ரோலியத்திலிருந்து வரும் எரிபொருளில் அரோமேட்டிக் என்ற வளைய மூலக்கூறுகள் இருக்கின்றன. எரிபொருள் குழாய்களின் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் இவற்றை உறிஞ்சிச் சற்று உப்பி, கசிவில்லாமல் அடைத்து நிற்கும். தாவர வழி எரிபொருள்களில் பெரும்பாலானவற்றில் அரோமேட்டிக் இல்லை. திடீரென மாற்றினால் பழைய வளையம் சுருங்கிக் கசியும். எனவே கலவையில் குறைந்தது 8 சதவீதம் அரோமேட்டிக் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் பாதிக்குப் பாதி என்ற வரம்பு.

இதற்கும் தாவரச் சர்க்கரையிலேயே விடை தேடியவர்கள் உண்டு. விஸ்கான்சினின் விரெண்ட் நிறுவனம் சர்க்கரைக் கரைசலை வினையூக்கிகளின் மீது செலுத்தி அரோமேட்டிக் மூலக்கூறுகளையே தயாரிக்கிறது. அதைக் கலந்துதான் 2021 டிசம்பரில் யுனைடெட் விமானம் ஒன்று, ஓர் எஞ்சினில் பெட்ரோலியம் துளியும் இல்லாமல், சிகாகோவிலிருந்து வாஷிங்டனுக்குப் பயணிகளோடு பறந்தது. 2023 நவம்பர் 28 அன்று லண்டனிலிருந்து நியூயார்க் சென்ற வர்ஜின் அட்லான்டிக் விமானத்தில் இரண்டு எஞ்சினுக்கும் இதுதான்: 88 சதவீதம் கழிவுக் கொழுப்பு வழி, 12 சதவீதம் சர்க்கரை வழி அரோமேட்டிக்.

அரோமேட்டிக் குறைவாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. அவைதான் எரியும்போது அதிகம் கரி கக்குபவை. கரித்துகள் குறைந்தால் விமானத்தின் பின்னே வெண்கோடாக நீளும் பனித்துகள்களும் குறைகின்றன. நாசாவும் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமும் விமானத்தின் பின்னால் பறந்து அளந்தபோது, கலவை எரிபொருளில் 50 முதல் 70 சதவீதம் வரை குறைவைக் கண்டார்கள்.

கார்பன் வெளியேற்றம் உண்மையில் குறைகிறதா?

எதிலிருந்து தயாரித்தோம் என்பதைப் பொறுத்தது; ஒரே பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் கணக்கில் பெட்ரோலிய எரிபொருளுக்கு, ஒரு மெகாஜூலுக்கு 89 கிராம். பயன்படுத்திய சமையல் எண்ணெய்க்கு 13.9. அமெரிக்க மக்காச்சோள எத்தனால் வழிக்கு, காடும் புல்வெளியும் வயலாவதால் வரும் இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 90. பெட்ரோலியத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

உணவுப் பயிர்களுக்குப் போட்டியாகாதா?

ஆகும், ஏற்கெனவே ஆகியிருக்கிறது. பெட்ரோலுக்கான எத்தனாலுக்கு மக்காச்சோளம் போகத் தொடங்கியதும் தீவன விலை ஏறியது என்று கோழிப்பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். விமானமும் அதே எத்தனாலைக் கேட்டால் நெருக்கடி கூடும். கரும்பு தண்ணீரைக் குடிக்கும் பயிர் என்பதையும் நாம் அறிவோம். அதனால்தான் வைக்கோல், சக்கை போன்றவற்றின் மேல் கவனம் வைக்க வேண்டும் என்கிறேன். பானிபட்டில் 2022-இல் திறந்த இந்தியன் ஆயில் ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் நோக்கத்தோடு கட்டப்பட்டது. சக்கை சும்மா கிடப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்: சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்கும் காகித ஆலைக்கும் அது ஏற்கெனவே போகிறது.

உலகத் தேவையில் இது எவ்வளவு?

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மதிப்பீட்டில் 2024-இல் சுமார் 10 லட்சம் டன். உலக விமான எரிபொருளில் 0.3 சதவீதம். விலை வழக்கமான எரிபொருளைவிட இரண்டு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை. எனவே சட்டம் போட்டுத்தான் நகர்த்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6, 2050-இல் 70. இந்தியாவின் இலக்கு சர்வதேச விமானங்களுக்கு 2027-இல் 1, 2028-இல் 2, 2030-இல் 5 சதவீதம்.

இது பழைய மூலிகைப் பெட்ரோல் மாதிரிதானே?

இல்லை. 1990-களில் தமிழ்நாட்டில் பரபரப்பான அந்தக் கதையில், தண்ணீரில் சிறிது இலையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் பெட்ரோல் கிடைக்கும் என்றார்கள். தண்ணீரில் கார்பன் கிடையாது. ஒரு பிடி இலையிலுள்ள கார்பன் ஒரு லிட்டர் எரிபொருளுக்குப் போதாது. மேலே எத்தனால் வழிக்கு எத்தனை கிராம் உள்ளே போய் எத்தனை கிராம் வெளியே வருகிறது என்றும், ஃபர்ஃப்யூரல் வழிக்கு எவ்வளவு ஹைட்ரஜன் வேண்டும் என்றும் கணக்குக் காட்டியிருக்கிறேன். அந்தக் கணக்கைக் காட்ட மறுக்கும் எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

பேட்டரி விமானம் வந்தால் இதெல்லாம் தேவையில்லையே?

குறுகிய தூரத்துக்கு வரலாம். விமான எரிபொருள் ஒரு கிலோவில் சுமார் 12 கிலோவாட் மணி ஆற்றல். இன்றைய நல்ல லித்தியம் பேட்டரியில் 0.3-ஐ ஒட்டித்தான். மின் மோட்டாரின் திறன் கூடுதல் என்றாலும் சென்னையிலிருந்து லண்டன் போக இந்த இடைவெளி மிகப் பெரிது.

நான் பயணிக்கும் விமானத்தில் இது ஊற்றப்பட்டிருக்கிறதா என்று அறிய முடியுமா?

பெரும்பாலும் முடியாது. கலந்து சோதித்துச் சான்றிதழ் பெற்றபின் அது சாதாரண ஜெட் ஏ-1 ஆகவே கருதப்பட்டு, விமான நிலையத்தின் பொதுத் தொட்டிக்குள் போய்விடும். அங்கிருந்து நிலத்தடிக் குழாய் வழியே எந்த விமானத்துக்கு எந்தத் துளி போகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயரில் வாங்கிய அளவு மட்டும் கணக்கேட்டில் ஏறும். சிங்கப்பூர், தன் விமான நிலையங்களிலிருந்து புறப்படும் பயணிகளிடம் இதற்கென ஒரு கட்டணம் வசூலிக்கப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அங்கே பயணி இந்த எரிபொருளைக் காணப்போவது டிக்கெட் ரசீதில்தான்.